சின்ன டவுட்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான்கு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நீயே புரிந்துகொண்டிருப்பாய். ஆமாம், காரியம்தான். போனில் பேசலாமே என்று உன் மாமா சொன்னார். போனில் பேசினால் முதல் நிமிடம் உன்னைத் திட்டுவேன், இரண்டாவது நிமிடம் அழுவேன், மூன்றாவது நிமிடம் போனை வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை நான்.

போன மாதம் பதினெட்டாம் தேதி, காலை எட்டு மணி மருந்து ரவுண்டு. ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரர். இதயத்துக்கான மாத்திரை, சார்ட்டில் 25 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. கொடுக்க வேண்டியது 2.5. புள்ளி வைக்க மறந்தாரா, பேனா எழுதவில்லையா தெரியாது. எழுதியவர் நம் நெக்ஸ்ட் டாக்டர். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், ஒரு படுக்கையில் நிற்கும்போதே 'நெக்ஸ்ட்' என்று அடுத்ததற்கு நகர்ந்துவிடுவாரே, அவர்தான். நான் அவரைக் கேட்டேன். கொடுங்கள் என்றார். கொடுத்தேன். பதினோரு மணிக்குள் தையல்காரருக்கு நாடி முப்பதுகளில் வந்து நின்றது. ஐசியூவுக்கு ஓடினோம். நல்ல காலம், பிழைத்துக்கொண்டார்.

முதல் விசாரணையில் என் நோட்ஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்மால் டவுட் ஆஸ்க்ட் டு டாக்டர். கிளியர்டு. கிவன்.' இதுதான் நான் எழுதியது. குழுத் தலைவர் வெளியிலிருந்து வந்தவர், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் ஒன்றையே பேசுகிறவர். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இருந்தும் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் லைசென்ஸ் தொங்குகிறது.

உன் ஆராய்ச்சியில் 'டவுட்' பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறதாம், எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துப் பெண் சொன்னாள். அதை வைத்து நான்கு வரி எழுதிக்கொடு. கடைசி விசாரணை மார்ச் ஐந்தாம் தேதி.

நான்கு வருடத்துக்கு முன் நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிய அந்த மண்டபத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. லீவு போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, என் தம்பி பேசுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வார்டில் பதிவு செய்த என் குரலைப் போட்டுக்காட்டினாய். 'டாக்டர், ஸ்மால் டவுட், திஸ் லெக் ஆர் தட் லெக்?' இருநூறு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அக்கா


பிப்ரவரி 7

அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு மணி நேரம் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம்தான், வேறென்ன.

மண்டபத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது கேலிச் சிரிப்பு இல்லை என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வார்டில் நீங்கள் பேசுவது உடைந்த ஆங்கிலம் இல்லை, அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, அழகு இருக்கிறது என்று நிரூபிக்கத்தான் நான் அங்கே நின்றேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகும் பேச்சை நிறுத்தாமல் முடித்தேன் பார், அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

இனி காரியம். நீ கேட்டது என் கையிலேயே இருக்கிறது. உங்கள் வார்டில் ஆறு மாதம் ரெக்கார்டரோடு சுற்றி, எல்லோரிடமும் 'ஒட்டுக்கேட்டான்' என்று பெயர் வாங்கியது வீண் போகவில்லை. பதிவுகளில் நூற்று நாற்பத்து மூன்று இடத்தில் 'டவுட்' வருகிறது. பள்ளிக்கூடத்தில் கை தூக்கி 'சார், ஒரு சந்தேகம்' என்கிறோமே, அதே சந்தேகம்தான் அது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி. அதில் அவநம்பிக்கை துளியும் இல்லை. குழுத் தலைவர் தன் ஊர் அர்த்தத்தை உன் வார்த்தைமேல் ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதையே ஐந்து பக்கக் கடிதமாகக் குழுவுக்கு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பல்கலைக்கழக முத்திரையோடு. நீயும் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடு: 'மருந்தின் அளவில் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை, விவரம் மட்டுமே கேட்டேன்' என்று. இரண்டும் சேர்ந்தால் அவர்களால் உன்னை அசைக்க முடியாது.

இந்த அத்தியாயம்தான் என் புத்தகத்தின் உயிர் என்று பேராசிரியர் சொல்கிறார். மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதை வைத்தே உனக்கு உதவ முடிவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை மருந்தகத்துப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து சத்தமாகப் படித்துக்காட்டினாள். படித்து முடித்ததும் உன் மாமா எழுந்து நின்று கை தட்டினார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. ரேஷன் கார்டு விண்ணப்பத்தையே மூன்று முறை கிழித்துப் போட்டு எழுதினவனா இவன் என்று நினைத்தேன். ஒரு நர்ஸ் வாய்க்கு வந்ததைச் சொல்வதை ஆறு மாதம் சலிக்காமல் கேட்டு, எண்ணி, எழுதி வைக்க உன்னைத் தவிர யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆனால் அதைக் குழுவிடம் கொடுக்கப் போவதில்லை. நீ எழுதியது நிஜம் இல்லை.

எனக்கு அன்று நிஜமாகவே சந்தேகம் வந்தது. அந்த மாத்திரை ஐந்து மில்லிகிராமில்தான் வரும். இருபத்தைந்து என்றால் ஐந்து மாத்திரை. அந்த மாத்திரையை முழுசாக இரண்டுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை நான். ஐந்தையும் மூடியில் கொட்டி மறுபடி எண்ணினேன். டிராலியை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். போய் என்ன சொன்னேன்? 'டாக்டர், ஸ்மால் டவுட். ட்வென்டி ஃபைவா?' என்றேன். அவர் வேறொரு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே 'யெஸ் யெஸ்' என்றார். நான் நகரவில்லை. 'ஃபைவ் டேப்லெட்ஸ் வருது டாக்டர்' என்றேன். 'கிவ், சிஸ்டர். நெக்ஸ்ட்' என்றார்.

ஒரு நர்ஸ் டாக்டரிடம் போய் 'நீங்க எழுதினது தப்பு' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த வாரம் டியூட்டி பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் சின்ன டவுட் என்கிறோம். தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்போம். அவர் ஒரு முறை சார்ட்டைப் பார்ப்பார், அவரே கண்டுபிடித்த மாதிரி திருத்திக்கொள்வார், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. எங்களுக்குள் எல்லோருக்கும் இது தெரியும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

சந்தேகம் கேட்பது வேறு, சந்தேகப்படுவது வேறு, சரி. ஆனால் நாங்கள் சந்தேகப்படுவதையே சந்தேகம் கேட்பதாகத்தான் சொல்ல முடியும். ஆறு மாதம் என் பின்னாலேயே நடந்தவனுக்கு இது எப்படிப் புரியாமல் போச்சு?

எனக்கு ஐயமே எழவில்லை என்று கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடுவேன். டாக்டரும் தப்பித்துவிடுவார். தையல்காரருக்கு நடந்தது யாருடைய தவறும் இல்லாமல் நடந்ததாகிவிடும். போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது என்றார், குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உன் நேர்மை எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கும் சேர்த்து உண்மை சொல்லி இரண்டு பேரையும் மாட்டிவிட்டவள் நீ. ஆனால் இது கண்ணாடி இல்லை, உன் வேலை.

சந்தேகப்பட்டேன் என்று நீயே சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி 'அப்புறம் ஏன் கொடுத்தாய்' என்பதுதான். அதற்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது? தலைவர் சொன்னதையே நீ ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

இன்னொன்று. நீ சொல்வது உன் அனுபவம். நான் சொல்வது நூற்று நாற்பத்து மூன்று பதிவு. ஒரு நர்ஸ் கேள்வி கேட்பதையும் எச்சரிக்கை செய்வதையும் ஒரே வார்த்தையில் செய்கிறாள் என்றால், அதற்குத் தடயம் இருக்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு பேராசிரியர்கள் சரிபார்த்த முடிவு அது. மூன்று பத்திரிகைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று பார்த்தேன், தபால் நேரம் ஆகிவிட்டது. தயவுசெய்து அந்த வாக்குமூலத்தைக் கொடுத்துவிடு.

தம்பி


பிப்ரவரி 18

ஒட்டுக்கேட்டானுக்கு,

மேற்கோள் காட்டினவர்கள் யாராவது ஒரு நாள் மருந்து டிராலி தள்ளியிருக்கிறார்களா?

ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், டாக்டர் சொன்னார், கொடுத்தேன், மூன்றாவது தடவை கேட்டிருக்க வேண்டும், இல்லை வார்டு இன்சார்ஜ் நர்ஸிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை என்று சொல்வேன். அது என் தப்பு. அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கவே இல்லை என்று ஆக விடமாட்டேன்.

நீ வார்த்தையை எண்ணியிருக்கிறாய். யாரிடம் சொன்னோம் என்று எண்ணினாயா? எங்களுக்குள் பேசும்போது 'டவுட்' என்றுதான் சொல்வோம். 'சின்ன' போடமாட்டோம். போய் உன் பெட்டியைத் திறந்து திரும்பக் கேள். வார்த்தையோடு நிறுத்திவிடாதே. சொல்லிவிட்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேள். கேள்வி என்றால் பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். சின்ன டவுட் என்றால் நின்றுகொண்டே இருப்போம்.

கேட்டுவிட்டும் உனக்கு ஒன்றும் படவில்லையென்றால் நான் உன்னை நம்புகிறேன். காது விஷயத்தில் உன்னைவிட நேர்மையானவனை நான் பார்த்ததில்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன், வக்கீலுக்கு இல்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

ஆறு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. காதில் ஹெட்போன் அழுத்தி இரண்டு பக்கமும் சிவந்து கிடக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, எண்ணிக்கையிலேயே ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது.

நூற்று நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று டாக்டரிடம் சொன்னவை. முப்பத்தொன்றிலும் 'ஸ்மால்' இருக்கிறது. மீதி நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூட இல்லை. என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. 'ஸ்மால்' என்பதை வெறும் பணிவு என்று ஓரத்தில் குறித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

நீ சொன்ன மாதிரி, சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டேன். மற்ற இடங்களில் பதில் வந்ததும் செருப்புச் சத்தம் நகர்ந்துவிடுகிறது. சின்ன டவுட்டில் மட்டும் யாரும் நகரவில்லை. டாக்டர் 'யெஸ்' என்ற பிறகும் மூன்று நொடி, ஐந்து நொடி, ஒரு இடத்தில் பதினொரு நொடி அமைதி. பிறகு காகிதம் புரளும் சத்தம். முப்பத்தொன்றில் இருபத்தாறு தடவை டாக்டர் சார்ட்டைத் திருத்தியிருக்கிறார். நான்கு தடவை விளக்கம் சொல்லியிருக்கிறார், நர்ஸ் சரி என்று போயிருக்கிறாள். ஒன்றில் பதிவு பாதியில் நின்றுவிட்டது. இருபத்தாறு பேர், அக்கா. அத்தனை பேருக்கும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் உட்கார முடியவில்லை. அதில் பதினான்கு உன் குரல்.

அந்தப் பதினான்கில் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மண்டபத்தில் நான் போட்டுக்காட்டியது ஐந்து நொடி. 'திஸ் லெக் ஆர் தட் லெக்?' வாக்கியம் அழகாக இருக்கிறது என்று அந்த ஐந்து நொடியை மட்டும் வெட்டி எடுத்தேன். அதற்கு அடுத்த நாற்பது நொடியைக் கேட்டதாகவே ஞாபகம் இல்லை, இப்போதுதான் கேட்டேன். ஆபரேஷனுக்குக் காலில் குறி போடும் நேரம். டாக்டர் 'லெஃப்ட்' என்கிறார். நீ நகரவில்லை. 'எக்ஸ்ரே ரைட்ல இருக்கு டாக்டர், அதான்' என்கிறாய், ஏதோ உனக்குத்தான் புரியாத மாதிரி. காகிதம் புரள்கிறது. அவர் குரல் இறங்கி, 'ரைட். சாரி. ரைட் லெக்' என்கிறார். நீ 'தேங்க்யூ டாக்டர்' என்கிறாய். நீ அவருக்கு நன்றி சொல்கிறாய்.

ஒரு மனிதனின் நல்ல காலை வெட்டவிடாமல் நீ காப்பாற்றிக்கொண்டிருந்த இடத்தில் இருநூறு பேரைச் சிரிக்க வைத்தவன் நான். பக்கத்தில் நீ இருந்திருந்தால் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அச்சகத்துக்குப் போன் செய்து புத்தகத்தை நிறுத்திவிட்டேன். பேராசிரியர் ஒரு மணி நேரம் திட்டினார், நியாயம்தான். குழுவுக்குப் புதுக் கடிதம் எழுதியிருக்கிறேன். நான் முன்பு பிரசுரித்த முடிவு தவறு, என் அக்கா திருத்திய பிறகு மறுபடி கேட்டு அறிந்தது இது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. முப்பத்தொரு பதிவும் எழுத்தில் இணைத்திருக்கிறேன். உனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. தேவைப்படவில்லை.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

நேற்று முன்தினம் விசாரணை முடிந்தது. நீளமான மேசை, எட்டு தண்ணீர் பாட்டில், ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் இருந்த யூனியன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் உன் கடிதத்தை எடுத்தார். முப்பத்தொன்றையும் படித்தார், தம்பி. நடுவில் நிறுத்தவே இல்லை. சிலதை உதட்டை அசைத்துப் படித்தார், பாடம் சொல்லிப் பார்க்கிற மாதிரி. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "அப்படியென்றால் உங்கள் ஆங்கிலத்தில் சின்னது என்றால் பெரியது, அப்படித்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழுத்தில் கொடுத்திருந்தது 'நர்ஸ் ஏதோ கேட்டார், என்னவென்று நினைவில்லை' என்று. அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அப்புறம் எழுந்து நின்று, "சிஸ்டர் ரெண்டு தடவை கேட்டாங்க. அஞ்சு மாத்திரைன்னு சொன்னாங்க. நான் நிமிர்ந்து பார்க்கல" என்றார். இவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. மீதி பாதியை வைத்துக்கொண்டிருக்கிறேன், தேவைப்படும்.

தீர்ப்பு: லைசென்ஸுக்கு ஒன்றும் இல்லை. கொடுத்ததற்காக எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் மெமோ. வாங்கிக்கொண்டேன், அது எனக்கு உரியது. டாக்டருக்கும் உண்டு, என்னுடையதைவிடக் கனமானது. திங்கள்கிழமை டியூட்டியில் சேர்கிறேன்.

வெளியே வரும்போது தலைவர் என்னை நிறுத்தி, இந்தத் தம்பி யார் என்று கேட்டார். தன் தப்பை முதல் பத்தியில் எழுதுகிற படித்தவனை இத்தனை வருடத்தில் முதன்முறையாகப் பார்க்கிறேன் என்றார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை அந்த நேரத்தில். என் தம்பி என்று மட்டும் தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

உன் புத்தகத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருக்கிறது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

புத்தகம் கெடவில்லை. அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தேடிக்கொண்டிருந்தேன், அதை வைத்து நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்கவே இல்லை. பேராசிரியர் கோபம் தணிந்து, இதுதான் நிஜமான கண்டுபிடிப்பு என்கிறார். பழையதையும் அப்படித்தான் சொன்னார், அதனால் நான் அவ்வளவாக மகிழவில்லை.

அத்தியாயத்துக்கு இரண்டு பேர் ஆசிரியர்கள். ஒருவர் நான். இன்னொருவர் நீ. மறுக்காதே, எண்ணியது மட்டும்தான் நான். எழுதியதை அனுப்புகிறேன், தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்து.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் அத்தியாயம் வந்தது. சிவப்புப் பேனா எட்டாம் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறாய், பக்கத்துக்குப் பக்கம் 'ஒருவேளை' போடுவதைக் குறைத்துக்கொள். ஆசிரியர் என்று என்னையும் போட்டிருப்பதை உன் மாமா போட்டோ எடுத்துத் தெருவெல்லாம் அனுப்பிவிட்டார்.

இங்கே ஒரு புது விதி வந்திருக்கிறது. குழு சொல்லித்தான். நர்ஸ் 'டவுட்' என்றால் டாக்டர் போனில் பதில் சொல்லக்கூடாது, நேரில் வந்து சார்ட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் போனுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

நேற்று பக்கத்து வார்டு நர்ஸ், என்னைவிட இரண்டு வயது பெரியவள், நெக்ஸ்ட் டாக்டருக்குப் போன் செய்து 'டாக்டர், டவுட்' என்றாள். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறி ஓடி வந்து, மூச்சு வாங்க, வியர்வையோடு, "எந்த பெட்? என்ன ஆச்சு?" என்று நின்றார். அவள் கேட்க வந்தது ஒரு மருந்தின் ஸ்பெல்லிங்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து கொஞ்சம் மூச்சு விட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதினதும் சார்ட்டை வாங்கி, வந்ததே வந்தேன் என்று முதல் படுக்கையிலிருந்து எல்லா மருந்தையும் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு படுக்கை. நாற்பது நிமிடம் ஆயிற்று. நெக்ஸ்ட் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை.

அக்கா